குங்குமம் வைத்த குமிழ்

மேலகரம்
18-4-1959

அன்புள்ள அண்ணனுக்கு இராமலட்சுமி எழுதுவது.

இங்கே ஒரு கையைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அம்மாவும் முழுசாக இருக்கிறீர்களா? சித்திரை பிறந்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். கோமுவுக்குப் பல் முளைக்கிற நேரம். எட்டு மாதப் பிள்ளைக்கு இத்தனை தரம் வயிற்றால் போகலாமா, இது பல்லால்தானா, வேறு ஏதாவதா என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாள் ஓடிவிட்டது. இப்போது தேவலை.

கை, கோமு அப்பாவுடையது. வலது மணிக்கட்டு. டிராக்டரை ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்துவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எலும்பு சேர்ந்துவிடும். ஆனால் அதே இடத்தில் இன்னொரு உதை வாங்கினால் அந்தக் கை பேனாகூடப் பிடிக்காது" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் இவர்கள், கோமு அப்பா, சிரிக்கிறார்கள். "சாரல் விழுந்தா கார் நெல்லுக்கு உழுதாகணும். அதுக்குள்ள கட்டுப் பிரிச்சிருவாங்க. மறுநாளே நான்தான் சுத்துவேன். வண்டி ஒரு தரம் கோவிச்சுக்கிட்டதுக்காக அதோட பேசாம இருக்க முடியுமா?" என்கிறார்கள்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்தால் ஹேண்டிலே வேண்டாம். பொத்தானை அமுக்கினால் பல்வலிக்காரர் மாதிரி ஒரு முனகல், அதோடு சரி. பேட்டரி செத்துவிட்டது. இது ஆறு வோல்ட் வண்டியாம். வெளிநாட்டுச் சாமான் வரத்துக் குறைந்ததிலிருந்து ஆறு வோல்ட் பேட்டரி இந்தப் பக்கமே கிடைக்கவில்லை. கடைத்தெருவில் இருப்பதெல்லாம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் போடுகிற பன்னிரண்டு வோல்ட்தான். நீங்கள் பஸ் கம்பெனியில் மின்சார வேலையே பார்க்கிறவர்கள். இந்தக் கிழட்டு வண்டிக்குப் பன்னிரண்டு ஏற்றினால் தாங்குமா, எரிந்துவிடுமா? இவர்கள் கையைத் தவிர எனக்கு இப்போது வேறு நினைப்பே இல்லை.

அம்மாவிடம் சுளுக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

தபால்காரர் வருகிற பாதையையே பார்த்திருக்கும்
தங்கை இராமலட்சுமி

*

கோயம்புத்தூர்
25-4-1959

லட்சுமிக்கு அண்ணன் ஆதித்தன் ஆசீர்வாதம்.

நாங்கள் முழுசாக இருக்கிறோம். சுளுக்கு என்றுதான் சொன்னேன். "சுளுக்குக்கா இவ்வளவு நீளமா எழுதியிருக்கா?" என்று அம்மா கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

தாங்கும். இரும்பு மனுஷரைவிடப் பொறுமைசாலி. செல்ஃப் மோட்டார் அப்படியே இருக்கட்டும். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயிலும், பேட்டரிக்குக் கரண்டு ஏற்றுகிற டைனமோவும் பன்னிரண்டுக்கு மாற வேண்டும். விளக்கு பல்பு மாற்ற வேண்டும். சாமான் நான் தேடுகிறேன்.

ஒன்றை மட்டும் மனசில் எழுதி வைத்துக்கொள். பேட்டரி தலையில் இரண்டு ஈயக் குமிழ் நிற்கும். ஒன்று பாசிடிவ், ஒன்று நெகடிவ். கடைக்காரன் பாசிடிவ் குமிழுக்குச் சிவப்புப் பெயின்ட் தொட்டிருப்பான். உங்கள் வண்டி பாசிடிவ் எர்த். அதாவது சிவப்புக் குமிழிலிருந்து வருகிற கம்பிதான் வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேர வேண்டும். மாறினால் காரியம் கெட்டது.

மாப்பிள்ளை ஒற்றைக் கையோடு இதில் இறங்க வேண்டாம். பழகிய ஆளாகப் பிடித்துச் செய்யச் சொல். நீ அந்தப் பக்கமே போகாதே. பேட்டரியில் இருப்பது ஆசிட். அது பட்ட சேலையோடு பிள்ளையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மாவும் இதையே நாலு தரம் எழுதச் சொன்னாள். ஒரு தரம் எழுதிவிட்டேன்.

கோமுவுக்கு என் முத்தம். பல் வந்ததும் எழுது.
ஆதித்தன்

*

மேலகரம்
9-5-1959

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம்.

பிள்ளைக்கு ஒரு பல் எட்டிப் பார்த்துவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள். பதில் தாமதமானதற்குக் காய்ச்சல் காரணம். பிள்ளைக்கு ஒரு நாள், எனக்குப் பயத்தில் மூன்று நாள்.

ஆள் கிடைத்துவிட்டது. தென்காசியில் பழகினவர்களைத்தான் முதலில் கேட்டோம். கல்யாண மாதம், பஸ் வேலையே முடியவில்லை, ஆடிக்கு மேல் பார்க்கலாம் என்றார்கள். ஆடி வரைக்கும் இவர்கள் ஹேண்டிலைத் தொடாமல் இருப்பார்களா? கிடைத்திருக்கிற ஆள் இந்த வேலைக்குப் புதுசு. சொன்னால் புரிந்துகொள்ளும்.

பழைய பேட்டரியை இறக்கினது முத்துவடிவு மதினி. கோமு அப்பாவின் அக்காள். அத்தான் தவறிய பிறகு எங்களோடுதான் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. அந்தப் பாரத்தைச் நெல் புடைக்கிற சுளகு தூக்குகிற மாதிரித் தூக்கிக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு, "இதுக்கா ஆம்பிளையளத் தேடினீங்க?" என்றார்கள். மதினியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது அண்ணா. பிள்ளை தும்மினால் நான் நடுங்குகிறேன். மதினி, "தும்மட்டும்ட்டி, மூக்கு இருக்குல்லா" என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.

அந்த ஆளுக்கு ஒரு சந்தேகம். செல்ஃபின் ரெசிஸ்டன்ஸ் மாறாதபோது வோல்டேஜ் இரட்டித்தால் கரண்டும் இரட்டிக்குமே, அது எப்படித் தாங்கும்? அப்புறம், கட்அவுட் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது எதற்கு?

உங்கள் பதில் வருகிறவரை பழைய கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் — ஆள் துடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வந்தேன் —
இராமலட்சுமி

*

கோயம்புத்தூர்
14-5-1959

லட்சுமிக்கு ஆசீர்வாதம். பல் வந்த செய்தி கேட்டு அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். இங்கே வேறு விசேஷம் இல்லை.

உன் ஆளுக்கு ஓம் விதி தெரிந்திருக்கிறது. மேலகரத்தில் அப்படி ஒரு ஆள் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்தான்.

சந்தேகம் நியாயமானது. இரட்டிக்கத்தான் செய்யும். ஆனால் எஞ்சின் பிடிக்கிற வரைக்கும்தான். பொத்தானை ஒரு மூச்சு அமுக்கி விட்டுவிட வேண்டும். பிடிக்கவில்லையா, ஆறவிட்டு மறுபடி. பிடிவாதமாக அமுக்கிக்கொண்டே இருக்கிறவர்கள்தான் செல்ஃபை எரிக்கிறவர்கள்.

கட்அவுட் என்பது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு கதவு. எஞ்சின் வேகமாக ஓடினால் கதவு திறந்து டைனமோவின் கரண்டு பேட்டரிக்குப் போகும். எஞ்சின் நின்றால் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் பேட்டரி தன் சேமிப்பையெல்லாம் திருப்பி டைனமோவிலேயே கொட்டிவிடும்.

ஒரு பழைய காரிலிருந்து டைனமோவும் கட்அவுட்டும் கழற்றி, புதுக் காயிலோடு சாக்கில் கட்டியிருக்கிறேன். டைனமோவைப் பாசிடிவ் எர்த்துக்கு இங்கேயே பழக்கிவிட்டேன். செங்கோட்டைக்கு மரம் ஏற்ற வருகிற லாரி டிரைவர் சேக் மைதீன் அண்ணாச்சி உங்கள் வீட்டில் இறக்கிவிடுவார். நல்ல மனுஷர். மோர் கொடுங்கள்.

மாப்பிள்ளையை ஹேண்டில் பக்கம் விடாதே.
ஆதித்தன்

*

மேலகரம்
25-5-1959

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம். இங்கே காற்று மாறிவிட்டது. குற்றாலத்து மலை தலையில் இரண்டு நாளாக மேகம் உட்கார்ந்திருக்கிறது. ஊரெல்லாம் சந்தோஷப்படுகிறது. எனக்கு மட்டும் அதைப் பார்த்தாலே ஹேண்டில்தான் கண்ணில் நிற்கிறது.

சாமான் வந்தது. சேக் மைதீன் அண்ணாச்சி மோர் குடித்துவிட்டு, "ஏம்மா, உங்க அண்ணன் இந்தச் சாக்கை என் மடியில வச்சுக்கிட்டு ஓட்டச் சொன்னாரு" என்றார். உங்களைப் போல ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும்? நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் கம்பியில் கைவைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

தென்காசியிலிருந்து புதுப் பேட்டரியும் வந்தது. வண்டியிலிருந்து இறங்கினதுமே மதினி, "புதுசா வீட்டுக்கு வாரவன மூளியா உள்ள விடக் கூடாது" என்று குழைத்த மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பேட்டரிக்குப் பொட்டு வைத்து சூடம் காட்டின பிறகுதான் வேலை ஆரம்பம். இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இடக்கையால் விசிறிக்கொண்டு, "அக்கா, தாலியும் கட்டிரு" என்றார்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. சிவப்புக் குமிழ் சட்டத்தோடு, நீங்கள் சொன்னபடியே. சோதனைக்கு விளக்கைப் போட்டோம். பழைய பேட்டரிக்கு இருமிக்கொண்டிருந்த விளக்கு இப்போது கண்ணைக் குத்துகிறது! ஆம்பியர் காட்டுகிற முள் பிளஸ் பக்கமாக நன்றாகச் சாய்ந்தது. "பிளஸ்னா கூட்டல்தானட்டி? நல்ல சகுனம்" என்றார்கள் மதினி. நாளைக் காலையில் எஞ்சினை ஓட்டப் போகிறோம். ஓட்டிவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

இராமலட்சுமி

*

கோயம்புத்தூர்
28-5-1959
(தபால் கார்டு)

லட்சுமி, எல்லோரும் நலமா? முள் பிளஸ் பக்கம் போகக் கூடாது. எஞ்சின் ஓடாமல் விளக்கு எரிந்தால் அது செலவு. செலவு பண்ணும்போது பெட்டி நிறைகிறது என்றால் எங்கோ தலைகீழ். பேட்டரி மாறி மாட்டியிருக்கிறது. எஞ்சினைக் கிளப்பாதே. குமிழைத் துடைத்துப் பார். இது உனக்கு நேரத்தோடு கிடைக்க வேண்டும். — ஆ.

*

மேலகரம்
30-5-1959

அன்புள்ள அண்ணா,

முதலில், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அப்போது வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் கார்டு இன்றைக்குத்தான் வந்தது. நாங்கள் இருபத்தாறாம் தேதியே ஓட்டிவிட்டோம். பொத்தானை ஒரு மூச்சு அமுக்கினதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரே உதறலில் எழுந்தது கிடையாது என்றார்கள் இவர்கள். சந்தோஷத்தில் வேகத்தைக் கூட்டினோம். கட்அவுட் பெட்டிக்குள் 'சட்'டென்று ஒரு பொறி. ரப்பர் கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியும் புகை நிற்கவில்லை. பெட்டியின் கதவு திறந்தபடியே உருகி ஒட்டிக்கொண்டதுபோல. மதினிதான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, மரக்கம்பால் ஒரே நெம்பில் பேட்டரிக் கம்பியைத் தட்டிவிட்டார்கள். புகை அடங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால் பொங்குனா அடுப்ப விட்டு இறக்குதோம்லா, அதான்" என்றார்கள். எனக்கு மட்டும் அந்த நெஞ்சுரத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

உங்கள் கார்டைப் படித்ததும் குமிழைப் போய்ப் பார்த்தேன். நான்கு நாளைக்கு முன்னால் சிவப்பாக இருந்த குமிழும் இன்றைக்கு மஞ்சளாக இருந்தது! ஒரு நிமிஷம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம். குங்குமத்தில் ஆசிட் பட்டால் மறுபடி மஞ்சள். ஈரத்துணியால் துடைத்தேன். சிவப்பாக இருந்த குமிழில் ஒன்றுமே இல்லை, வெறும் ஈயம். அது நெகடிவ். மற்றக் குமிழில் அப்பியிருந்த மஞ்சளுக்கு அடியில் கடைக்காரன் தொட்ட சிவப்புப் பெயின்ட். மதினி ஒரு குமிழுக்கு மஞ்சளும் மற்றதற்குக் குங்குமமும் வைத்திருக்கிறார்கள்.

மதினியிடம் சொன்னேன். குங்குமச் சிமிழைத் திறந்து பார்த்து மூடினார்கள். அப்புறம், "நான் பொட்டு வச்சது தப்பாட்டி? பொட்டப் பாத்துக் கம்பி மாட்டுனவளுக்கு பி.எஸ்ஸி. குடுத்தான் பாரு, அவனைச் சொல்லணும்" என்றார்கள். இவர்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழுந்துவிட்டது.

சிரித்துவிட்டு, "இதுக்கு மேல வேண்டாம் லட்சுமி. வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்காங்க. சாரல் வந்தாச்சு. நான் பழையபடி சுத்திக்கிடுதேன்" என்றார்கள். அது சிரிக்கிற குரல் இல்லை. அண்ணா, இன்னொரு கட்அவுட் கிடைக்குமா? இந்த வேலையைப் பாதியில் விட்டால் அந்தக் கை போய்விடும்.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டாம்.
இராமலட்சுமி

*

கோயம்புத்தூர்
3-6-1959

லட்சுமிக்கு ஆசீர்வாதம். அம்மா சுகம். வாசிக்கவில்லை.

கட்அவுட் அனுப்பிவிட்டேன். சேக் மைதீன் அண்ணாச்சி நாளை மறுநாள் வருகிறார். மாட்டுமுன் உன் ஆளிடம் இவற்றைச் சொல்.

இந்தக் களேபரத்தில் டைனமோவின் புத்தி திரும்பியிருக்கும், பிளஸும் மைனஸும் இடம் மாறிக் கரண்டு தரும். பேட்டரியைச் சரியாக மாட்டினபின், சட்டத்தோடு சேராத குமிழிலிருந்து ஒரு தனிக் கம்பி எடுத்து, டைனமோவில் 'எஃப்' என்று பொறித்த இடத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு தொடல். அதற்கு முன் அந்த இடத்துக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு விளக்கைப் போட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். மைனஸ் பக்கம் சாய வேண்டும். எஞ்சின் ஓடின பிறகுதான் பிளஸ்.

அந்த ஆள் வளையல் போட்டிருந்தால் கழற்றி வைக்கச் சொல். கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் தங்கம் அகப்பட்டால் நொடியில் பழுத்து மணிக்கட்டைச் சுட்டுவிடும். தாலிச் சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனியச் சொல். வேலை முடிந்ததும் சேலை மாற்றி, கை கழுவின பிறகு பிள்ளையைத் தூக்கச் சொல்.

வேறு ஒன்றும் எழுத இல்லை.
ஆதித்தன்

*

மேலகரம்
17-6-1959

அன்புள்ள அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். திட்டி எழுதியிருந்தால் பதில் உடனே எழுதியிருப்பேன். வளையலைக் கழற்றச் சொன்னதற்கு என்ன பதில் எழுதுவது? அதுதான் தாமதம்.

ஆமாம், நான்தான். கழற்றினேன். சங்கிலியை முதுகுக்குத் தள்ளினேன். ஒவ்வொரு தரமும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டேன்.

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். கை வற்றலாக, வெளுப்பாக, வேறு யாருடையதோபோல இருந்தது. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து சாரல். பக்கத்து வயல்களிலெல்லாம் ஏர் இறங்கிவிட்டது. நான் புதுக் கட்அவுட்டுக்குக் கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, "நகரு லட்சுமி. போதும்" என்றார்கள்.

நான் நகரவில்லை. ஹேண்டிலைத் தேடினார்கள். வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லை. தொழுவில் இல்லை. "அக்கா, ஹேண்டில் எங்க?"

மதினி கோமுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்கள். "நெல்லுக் குலுக்கைக்குள்ள கிடக்கு."

"குலுக்கைக்குள்ளயா? யாரு போட்டது?"

"நாந்தான் போட்டேன். அடியில கிடக்கு. வேணும்னா மேல கிடக்க நெல்லயெல்லாம் ஒத்தக் கையால அள்ளிப் போட்டுட்டு எடுத்துக்கோ. அள்ளி முடிக்கதுக்குள்ள ஓம் பொண்டாட்டி வேலைய முடிச்சிருவா."

இவர்களுக்குக் கோபம் வந்தது. அக்காளிடம் கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் மழையிலேயே நின்றார்கள்.

நான் குமிழை மறுபடி துடைத்துப் பார்த்தேன். சிவப்புப் பெயின்ட், கூட்டல் குறி, அதில் சட்டத்துக் கம்பி. 'எஃப்'பைத் தொட்டேன், சின்னப் பொறி. விளக்கைப் போட்டேன். முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. மதினிக்கு முகம் விழுந்துவிட்டது. "கழித்தல் பக்கம்லா போவுது!"

"அதுதான் மதினி வேணும்."

பொத்தானை ஒரு மூச்சு அமுக்கினேன். பிடிக்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருக்கலாம்போல விரல் துறுதுறுத்தது. நீங்கள் சொன்னது நினைவு வந்தது. விட்டேன். ஆறவிட்டேன். இவர்கள் பக்கத்தில் வந்து நின்று, இடக்கையால் ஏதோ ஒரு திருகை லேசாகத் திருப்பி, "இப்பப் போடு" என்றார்கள்.

பிடித்துக்கொண்டது அண்ணா. வேகத்தைக் கூட்டினேன். பொறி இல்லை, புகை இல்லை. முள் நடுவுக்கு வந்து, அங்கே ஒரு கணம் யோசித்து, பிளஸ் பக்கம் போய் நின்றது.

இவர்கள் வலக்கையைத் துண்டிலிருந்து எடுத்து எஞ்சின் மூடிமேல் வைத்தார்கள். எடுக்கவே இல்லை. "நம்ம வண்டி மாதிரியே இல்ல" என்றார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும்" என்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெற்கு வயல் உழுதாகிவிட்டது. மதினி குங்குமச் சிமிழோடு வந்து, மோப்பம் பிடிக்கிற மாதிரிக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏட்டி பி.எஸ்ஸி., எந்தக் குமிழுக்கு வைக்கட்டும்?" என்றார்கள். சிவப்புப் பெயின்டைக் காட்டி, அதன் மேலேயே வைக்கச் சொன்னேன்.

இனிமேல் பொய் எழுத மாட்டாத தங்கை
இராமலட்சுமி

*

கோயம்புத்தூர்
22-6-1959

லட்சுமிக்கு ஆசீர்வாதம்.

அம்மாவுக்கு முதலிலிருந்து எல்லாக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அழுதுவிட்டு, "அவ சின்னதுலயே ரேடியோவைப் பிரிச்சுப் போட்டவதான" என்றாள். பிரித்தது நான். உன் கணக்கில் போய்விட்டது. இருக்கட்டும்.

எப்போது தெரியும் என்று கேட்பாய். ஓம் விதியிலேயே சந்தேகம். புகை வந்த கடிதத்தில் நிச்சயம், அக்காள் உன்னை பி.எஸ்ஸி. என்று கேலி பண்ணின வரிக்கு வருமுன்பே. தள்ளி நின்று பார்த்தவள் 'புகை வந்தது' என்றுதான் எழுதுவாள். நாற்றம் மூக்கில் ஏறினதும் கண் எரிந்ததும் குனிந்திருந்தவளுக்குத்தான் தெரியும். தடுத்து எழுத உட்கார்ந்தேன். உன் இடத்தில் நான் இருந்தால் நிறுத்துவேனா என்று யோசித்தேன். வளையலைப் பற்றி எழுதினேன்.

இங்கே எங்கள் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னேன். கடிதத்தை வைத்து வண்டி மாற்றினாளா என்று ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிள்ளை பால் குடிக்கிற வீட்டில் என்று சொன்னதும் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். எனக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி இருந்தது. முத்துவடிவு அக்காளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். அந்தக் குலுக்கை யோசனை எந்தப் பட்டறையிலும் சொல்லித் தராதது.

ஒன்றை நீ எழுதவே இல்லை. மாப்பிள்ளைக்குக் கை எப்படி இருக்கிறது? பிடி வந்ததா? நீ எழுத வேண்டாம். அவரையே எழுதச் சொல்.

ஆதித்தன்

*

மேலகரம்
8-7-1959

அன்புள்ள மச்சானுக்குத் தாணுமாலயன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் கை உள்பட எல்லோரும் சுகம். அத்தையின் சுகத்துக்கும் எழுதவும்.

பதில் தாமதம். இந்த ஒரு பக்கத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

தெற்கு வயல் நடவு முடிந்தது. ஹேண்டில் குலுக்கைக்குள்ளேயே இருக்கிறது. குற்றாலத்தில் விடுதி வைத்திருக்கும் ஆவுடைநாயகம் அண்ணாச்சி தன் பழைய காரோடு வந்து, ஆறு வோல்ட்டாம், "ஒங்க வீட்டுல ஒரு ஆளு மாத்திக் குடுக்காராமே, அவரு கிடைப்பாரா?" என்று கேட்டார். "ஆள் உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டுது. ரெண்டு வாய்தான் பாக்கி, உக்காருங்க" என்றேன்.

லட்சுமி பக்கத்தில் நின்று பார்க்கிறாள். போதும், கை வலிக்கும், நிறுத்துங்கள் என்கிறாள். கையெழுத்து மட்டும் போட்டுவிடுகிறேன்.

வலது கையால்,
தாணுமாலயன்